பைக் இன்ஜின் ஆயிலில் சந்தேகமா? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிப்பது எப்படி

"ஆயில் கம்மியா காட்டுது, கொஞ்சம் ஊத்திடலாமா?" என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது, வண்டியை எப்படி நிறுத்தி அளந்தீர்கள் என்றுதான். சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கிற வண்டியில் குச்சியை விட்டுப் பார்த்து, நுனியில் ஒட்டவே இல்லை என்று பதறி, கால் லிட்டர் ஊற்றிவிட்டு வருகிறவர்கள் நிறைய. என் முதல் வண்டியில் நானும் இதையேதான் செய்தேன். ஆயில் மூடி வலது பக்கம், வண்டி சாய்வது இடது பக்கம், உள்ளே இருந்த ஆயில் எல்லாம் இடது பக்கம் போய் நின்றால் குச்சியில் என்ன ஒட்டும்? இரண்டு வாரம் கழித்து பிக்கப் இல்லை என்று ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தபோது அடியில் ஆயில் குளம் கட்டி, ஃபில்டர் சொதசொதவென்று ஊறிக் கிடந்தது. வண்டியில் ஒரு கோளாறும் இல்லை, நான் அளந்த விதம்தான் கோளாறு. அதனால் கீழே எந்த அறிகுறிக்குப் போவதாக இருந்தாலும் அளப்பதைப் பற்றிய முதல் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள்.

முதலில் சரியாக அளப்போம்

சமதளத்தில் நிறுத்தி சென்டர் ஸ்டாண்டு போடுங்கள். சென்டர் ஸ்டாண்டு இல்லாத வண்டி என்றால் ஒருவர் மேலே உட்கார்ந்து நேராகப் பிடிக்க, இன்னொருவர் பார்க்க வேண்டும். இன்ஜினை 3 முதல் 5 நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு அணைத்து, இன்னும் 2, 3 நிமிடம் அப்படியே விடுங்கள். ஓடும்போது ஹெட்டுக்கும் கிளட்ச் பக்கத்துக்கும் ஏறிய ஆயில் கீழே இறங்கி வர அந்த நேரம் வேண்டும். அப்புறம் மூடியைத் திறந்து, குச்சியை நூல் உதிராத துணியால் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள்.

இங்கேதான் பலர் இடறுகிறார்கள். நிறைய வண்டிகளில் குச்சியை மரையில் திருகக் கூடாது, துளையின் வாயில் சும்மா உட்காரவைத்து எடுக்க வேண்டும். சில வண்டிகளில் முழுக்கத் திருகித்தான் பார்க்க வேண்டும். மரை ஒரு சென்டிமீட்டர் இருந்தால் குச்சி காட்டும் அளவும் ஒரு சென்டிமீட்டர் தள்ளிப் போகும், குச்சியில் மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் இடையே இருப்பதே கிட்டத்தட்ட அவ்வளவுதான். உங்கள் வண்டிக்கு எந்த முறை என்பது வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும், ஒருமுறை பார்த்து மூடியிலேயே பெயின்ட் பேனாவால் குறித்துவிடுங்கள்.

குச்சிக்குப் பதில் வட்டக் கண்ணாடி இருந்தால் இன்னும் சுலபம், ஒரே ஒரு சிக்கல்தான். கண்ணாடி பழையதாகிக் கறை பிடித்திருந்தால் ஆயில் முழுதாக நிரம்பியிருப்பதும் சுத்தமாக இல்லாததும் ஒரே மாதிரி தெரியும். வண்டியைப் பிடித்து இடமும் வலமும் மெல்லச் சாய்த்துப் பாருங்கள். கண்ணாடிக்குள் ஒரு கோடு ஏறி இறங்கினால் ஆயில் இருக்கிறது. எந்தப் பக்கம் சாய்த்தாலும் கோடே தெரியவில்லை என்றால் இன்ஜினை இயக்காமல் மேல் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள்.

சூடு என்ன செய்யும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆயில் சூடேறினால் விரியும். ஒரு லிட்டர் ஆயில் 80 டிகிரி சூடேறினால் 50 மில்லிக்கு மேலேயே கூடிவிடும். காலையில் குளிர்ந்த இன்ஜினில் பார்த்துவிட்டு, மறுவாரம் ஓட்டி வந்த கையோடு பார்த்தால் இரண்டும் ஒத்துப்போகாது. எந்த நிலையில் பார்க்கிறீர்களோ ஒவ்வொரு முறையும் அதே நிலையில் பாருங்கள்.

ஆயிலுக்கென்று தனித் தொட்டி வைத்த டிரை சம்ப் வண்டிகள் மட்டும் இந்தக் கணக்குக்குள் வராது. அவை சும்மா நிற்கும்போது தொட்டியில் இருக்கும் ஆயில் மெல்ல இன்ஜினுக்குள் இறங்கிவிடும், காலையில் தொட்டி காலியாகத் தெரியும். அதைப் பார்த்து ஊற்றினால் இன்ஜினை இயக்கியதும் தொட்டி வழியும். அந்த வண்டிகளை ஓட்டிச் சூடேற்றி அணைத்த கொஞ்ச நேரத்திலேயே பார்க்க வேண்டும்.

அளவு பார்த்தாகிவிட்டதா? குச்சியை உடனே உள்ளே போட்டுவிடாதீர்கள். மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய் ஒருமுறை முகர்ந்து பாருங்கள், ஒரு சொட்டைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்தும் பாருங்கள். பெட்ரோல் வாசனை, கருகல் வாசனை, மணல் மாதிரி நெருடல், தண்ணீர் மாதிரி வழுக்கல், வெளுத்த நிறம், இந்த ஐந்தில் ஒன்று தெரிந்தால் பாதிக் கோளாறு பிடிபட்ட மாதிரி.

ஆயில் குறைந்துகொண்டே வருகிறது, கீழே ஒரு சொட்டும் இல்லை

அப்படியென்றால் எரிகிறது. கொஞ்சம் எரிவது எல்லா இன்ஜினிலும் உண்டு, அதற்காகப் பயப்பட வேண்டாம். 1 லிட்டர் பிடிக்கிற சின்ன இன்ஜினில் 1000 கிலோமீட்டருக்கு 100 மில்லிக்குள் குறைந்தால் நான் கண்காணிப்பதோடு நிறுத்திக்கொள்வேன். 300 மில்லி போகிறது என்றால் பிரிப்பதற்கு நாள் குறிப்பேன். இது என் கணக்கு, உங்கள் வண்டிக் கையேட்டில் வேறு அளவு கொடுத்திருந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கே எரிகிறது என்பதைப் புகை எப்போது வருகிறது என்பதை வைத்தே ஓரளவு சொல்லிவிடலாம். இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் எடுத்ததும் குபுக்கென்று நீலப் புகை வந்து, கொஞ்ச நேரத்தில் தானாக நின்றுவிட்டால் வால்வ் சீல். ரப்பர் இறுகிப் போயிருக்கும், மேலே தங்கிய ஆயில் இரவெல்லாம் வால்வ் தண்டு வழியாகக் கசிந்து உள்ளே இறங்கியிருக்கும். நீண்ட இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை மூடிக்கொண்டு வந்து, கீழே வந்து மறுபடி முறுக்கும்போது புகை விட்டாலும் வால்வ் சீல் அல்லது வால்வ் தண்டு ஏறி இறங்கும் கைடுதான். முறுக்கும்போதெல்லாம், பாரம் ஏற்றும்போதெல்லாம் விடாமல் புகை வருகிறது, இழுவையும் குறைந்துவிட்டது, இன்ஜினுக்குள் சேரும் காற்றை வெளியே விடும் பிரீதர் குழாயைக் கழற்றினால் புகை புஸ்புஸ்ஸென்று வருகிறது என்றால் பிஸ்டன் ரிங் அல்லது சிலிண்டர் தேய்மானம். கம்பிரஷன் சோதனை செய்தால் உறுதியாகிவிடும். பிளக் துளை வழியாக ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டுத் திரும்பச் சோதிக்கும்போது அளவு நன்றாக ஏறினால் ரிங்தான், ஏறவே இல்லை என்றால் வால்வ் பக்கம் பாருங்கள்.

குளிர்காலக் காலையில் வரும் வெள்ளைப் புகை வேறு, அது சைலன்சரில் தேங்கிய ஈரம். காற்றில் சட்டென்று மறைந்துவிடும், மூக்கில் எரியாது. ஆயில் புகை நீலம் பூத்து, காற்றில் கொஞ்ச நேரம் தொங்கும்.

அளவு குறையவில்லை, கூடுகிறது

எல்லா அறிகுறியிலும் எனக்கு அதிகம் பயம் தருவது இதுதான், ஏனென்றால் பார்க்கிறவருக்கு நிம்மதியாகத் தெரியும். மேல் கோட்டுக்கு மேலேயே இருக்கிறதே, நல்லதுதானே என்று விட்டுவிடுவார்கள். ஊற்றாத ஆயில் எங்கிருந்து வரும்? வந்தது பெட்ரோல் அல்லது தண்ணீர், இரண்டே வழி.

குச்சியை முகர்ந்தால் பெட்ரோல் வாசனை, விரலில் தேய்த்தால் பிசுபிசுப்பே இல்லாமல் ஓடுகிறது. கார்புரேட்டர் வண்டி என்றால் முதல் குற்றவாளி மிதவைக்கு மேலே இருக்கும் ஊசி வால்வ். அதன் நுனி தேய்ந்திருந்தாலோ ஒரு தூசி சிக்கியிருந்தாலோ பெட்ரோலை முழுசாக அடைக்காது. சாதாரணமாக வழிகிற பெட்ரோல் வழிகுழாய் வழியாகத் தரையில் சொட்டும், நமக்கும் தெரியும். அந்தக் குழாய் அடைத்துக்கொண்டிருந்தால் பெட்ரோல் இன்டேக் வழியாகச் சிலிண்டருக்குள் போய், ரிங் இடைவெளியில் மெல்ல இறங்கி ஆயிலோடு கலந்துவிடும். பெட்ரோல் டேப்பை மூடாமல் இரவெல்லாம் நிறுத்தியிருந்தால் காலைக்குள் நிறையவே இறங்கியிருக்கும்.

இந்த நிலையில் ஸ்டார்ட் செய்யவே செய்யாதீர்கள். பெட்ரோல் கலந்த ஆயில் பேரிங்கைக் காப்பாற்றாது. சிலிண்டருக்குள் பெட்ரோல் தேங்கி நின்றால் அதுவும் ஆபத்து; திரவத்தை அழுத்த முடியாது, செல்ஃப் மோட்டார் வேகத்தில் சுற்றினால் கனெக்டிங் ராடு வளையக்கூட வாய்ப்பு உண்டு. பெட்ரோல் டேப்பை மூடி, பிளக்கைக் கழற்றி, கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்திச் சுற்றிப் பாருங்கள். கிக்கர் இல்லாத வண்டியை டாப் கியரில் போட்டு பின்சக்கரத்தைச் சுற்றலாம். பிளக் துளையில் பெட்ரோல் பீய்ச்சினால் அது முழுக்க வெளியேறும்வரை விடுங்கள். பக்கத்தில் தீப்பெட்டி, பீடி, சிகரெட், சூடான பல்பு எதுவும் இருக்கக் கூடாது, அந்த இடத்தில் காற்றோட்டமும் வேண்டும். ஊசி வால்வையும் டேப்பையும் சரிசெய்த பிறகுதான் ஆயிலை மாற்ற வேண்டும். முதலில் ஆயிலை மாற்றிவிட்டு அப்புறம் கார்புரேட்டரைப் பார்க்கலாம் என்று வைத்தால் புது ஆயிலும் மறுநாள் காலை அதே வாசனை வீசும்.

இன்ஜெக்‌ஷன் வண்டியில் இது குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. இன்ஜெக்டர் கசியலாம். தினமும் ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடுகிற வண்டியில் இன்ஜின் முழுச் சூடு பிடிப்பதே இல்லை, குளிர்ந்த நிலையில் கூடுதலாகத் தெளிக்கும் பெட்ரோல் சுவரோரம் இறங்கிக்கொண்டே இருக்கும்.

வாசனையும் இல்லை, நிறமும் மாறவில்லை, ஆயில் மாற்றியதிலிருந்தே கூடுதலாக இருக்கிறது என்றால் ஊற்றியவர் அதிகம் ஊற்றியிருக்கிறார். கையேட்டில் இரண்டு மூன்று அளவுகள் இருக்கும், ஆயில் மட்டும் மாற்றினால் இவ்வளவு, ஃபில்டரும் சேர்த்து மாற்றினால் இவ்வளவு, இன்ஜினைப் பிரித்துப் பூட்டினால் இவ்வளவு என்று. கடைசி அளவைப் படித்து ஊற்றுகிற தவறு மெக்கானிக்குகளுக்கும் நேரும். பெரிய சிரிஞ்சில் மெல்லிய குழாயை மாட்டி, மூடித் துளை வழியாக விட்டு உறிஞ்சி எடுத்துவிடலாம், அடியில் ஆயிலை இறக்கும் டிரெயின் போல்ட்டைத் தொட வேண்டியதில்லை.

ஆயில் பால் கலந்த மாதிரி வெளுத்திருக்கிறது

தண்ணீர். எவ்வளவு, எந்த வழியாக என்பதுதான் கேள்வி.

மூடியின் உள்பக்கத்திலும் கண்ணாடியிலும் மட்டும் வெளிர் நுரை ஒட்டியிருந்து, குச்சியில் வரும் ஆயில் தெளிவாக இருந்தால் அது ஈரக்காற்று உள்ளே குளிர்ந்து படிந்தது. மழைக்காலத்திலும் குறுகிய ஓட்டத்திலும் சகஜம். ஒரு நாள் நிறுத்தாமல் 20, 30 கிலோமீட்டர் ஓட்டினால் இன்ஜின் சூட்டில் ஆவியாகிப் பிரீதர் வழியாகப் போய்விடும்.

ஆயில் முழுக்க வெளுத்திருந்து, ரேடியேட்டர் உள்ள வண்டியாகவும் இருந்தால் கூலண்ட் டப்பாவைப் பாருங்கள். அங்கே அளவு இறங்கியிருந்தால் ஹெட் கேஸ்கெட் அல்லது வாட்டர் பம்ப் சீல். பல வண்டிகளில் வாட்டர் பம்புக்கு அடியில் குண்டூசித் தலை அளவு ஒரு கசிவுத் துளை வைத்திருப்பார்கள். அதில் கூலண்ட் சொட்டினால் கூலண்ட் பக்க சீல் போய்விட்டது, ஆயில் சொட்டினால் ஆயில் பக்க சீல். அந்தத் துளையை எம்சீல் வைத்து அடைத்துவிட்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அடைத்தால் வெளியே சொட்ட வேண்டிய தண்ணீர் உள்ளேதான் போகும்.

வெள்ளத்தில் முங்கிய வண்டி என்றால் சாவியையே போடாதீர்கள். பிளக்கைக் கழற்றி, ஏர் ஃபில்டரைக் கழற்றி, தண்ணீரை வடித்து, ஆயிலை முழுக்க இறக்குங்கள். புது ஆயில் விட்டுச் சில நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு மறுபடி இறக்குங்கள். வெளுப்பு போகும்வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும், பெரும்பாலும் இரண்டு மூன்று தடவை ஆகும். தண்ணீர் கலந்த ஆயிலோடு நாள்கணக்கில் நின்றால் பேரிங்குகள் துருப்பிடிக்கத் தொடங்கிவிடும், அதனால் தண்ணீர் வடிந்த அன்றே கை வையுங்கள்.

கீழே சொட்டுகிறது

ஓடும்போது காற்று ஆயிலைப் பின்னாலும் கீழேயும் தள்ளும், அதனால் ஈரமாக இருக்கும் இடத்திலேயே கசிவு இருக்க வேண்டும் என்பதில்லை. ஈரத்தின் மிக மேலான, மிக முன்னாலான இடத்தைத் தேடுங்கள். இன்ஜினை மண்ணெண்ணெய் அல்லது டிகிரீசர் போட்டுக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, சந்தேகம் உள்ள இணைப்புகள் மேல் டால்கம் பவுடரைத் தூவி, ஐந்து பத்து நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். வெள்ளைப் பவுடரில் கசியும் இடம் மட்டும் கறுப்புக் கோடாகத் தெரியும்.

முன் ஸ்ப்ராக்கெட் மூடிக்குள் கறுப்புப் பிசுக்கு நிறைய இருந்தால் அவுட்புட் ஷாஃப்ட் சீல் போய்விட்டது என்று முடிவுகட்டுவதற்கு முன் அது செயினுக்கு அடித்த லூப்பா என்று பாருங்கள். செயின் பிசுக்கு மண்ணோடு சேர்ந்து களிமண் மாதிரி இருக்கும், சீலில் வருவது ஓடுகிற ஆயில். கியர் லீவர் நுழையும் இடம், கிக்கர் நுழையும் இடம், டேப்பெட் மூடிகளின் ஓ-ரிங், கிளட்ச் கவர் கேஸ்கெட், சிலிண்டர் அடிக் கேஸ்கெட் எல்லாம் அடுத்தடுத்துப் பார்க்க வேண்டியவை. பல இடத்தில் ஒரே நேரத்தில் கசிய ஆரம்பித்தால் சீல்களை வாங்க ஓடாமல் பிரீதர் குழாய் மடங்கியிருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே அழுத்தம் கூடினால் நல்ல சீலும் கசியும். ஆயில் அளவு கூடுதலாக இருந்தாலும் இதே கதைதான்.

ஆயில் மாற்றிய மறுநாளே டிரெயின் போல்ட்டில் சொட்டினால் வாஷரைப் பாருங்கள். பழைய வாஷர் போல்ட்டோடு வராமல் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும், அடியில் கறுப்பாக இருப்பதால் கண்ணுக்கே தெரியாது, அதன் மேல் புது வாஷரைப் போட்டு முடுக்கியிருப்பார்கள். நகத்தால் வட்டத்தைச் சுற்றித் தடவினால் ஒரு விளிம்பு தட்டும், அதுதான் பழைய வாஷர்.

ஆயில் மாற்றியதிலிருந்து கிளட்ச் வழுக்குகிறது

ஆக்சிலரேட்டரை முறுக்கினால் இன்ஜின் கத்துகிறது, வண்டி போக மாட்டேன் என்கிறது. நடுத்தர வேகத்தில் டாப் கியரில் போய்க்கொண்டே முறுக்கிப் பார்த்தால் இது தெளிவாகத் தெரியும். முதலில் கிளட்ச் கேபிளைப் பாருங்கள், லீவர் நுனியில் சாதாரணமாக 10 முதல் 20 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்க வேண்டும். ஆட்டமே இல்லாமல் இழுத்துக் கட்டியிருந்தால் பிளேட்டுகள் முழுசாகக் கவ்வாது. அது சரியாக இருந்து, வழுக்கல் ஆயில் மாற்றிய நாளிலிருந்து தொடங்கியது என்றால் சந்தேகமே வேண்டாம், ஊற்றிய ஆயில் இந்த வண்டிக்கானது இல்லை.

காரில் இன்ஜின் ஆயிலுக்கு கிளட்சோடு வேலை இல்லை, அங்கே கிளட்ச் உலர்ந்து தனியாக இருக்கும். பெரும்பாலான பைக்குகளில் ஒரே ஆயில்தான் பிஸ்டனுக்கும் கியர்பாக்ஸுக்கும் கிளட்சுக்கும். கிளட்ச் பிளேட்டுகள் ஆயிலில் முங்கியபடியே ஒன்றையொன்று கவ்வ வேண்டும். காருக்கு என்று செய்யும் மெல்லிய ஆயில்கள் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் சேர்மங்கள் போட்டிருப்பார்கள், பெட்ரோல் மிச்சமாக வேண்டும் என்பதற்காக. அந்த வழுக்கல்தான் இங்கே கிளட்சைக் கெடுக்கிறது. இதைப் பிரித்துச் சொல்வதற்காகவே ஜப்பானில் 1998ல் ஜாசோ (ஜப்பானிய வாகனத் தர அமைப்பு) டி 903 என்ற தரத்தைக் கொண்டுவந்தார்கள். டப்பாவின் பின்பக்கத்தில் ஜாசோ எம்.ஏ., எம்.ஏ.1 அல்லது எம்.ஏ.2 என்று இருந்தால் ஆயிலில் முங்கிய கிளட்சுக்கு ஏற்றது. எம்.பி. என்று இருந்தால் உராய்வு குறைந்தது, உலர்ந்த கிளட்ச் வைத்த கியரில்லாத ஸ்கூட்டருக்கு அது. எம்.பி. ஆயிலைக் கியர் பைக்கில் ஊற்றினால் வழுக்கத்தான் செய்யும்.

10டபிள்யூ-30, 20டபிள்யூ-50 என்ற எண்கள் ஆயிலின் கெட்டித்தன்மையைச் சொல்பவை, முதல் எண் குளிரில், இரண்டாவது 100 டிகிரிச் சூட்டில். கிளட்சுக்கு ஆகுமா என்பதை அந்த எண்ணில் தேடக் கூடாது, ஜாசோ எழுத்துதான் சொல்லும். இரண்டையும் பார்த்து வாங்குங்கள்.

தவறான ஆயில் ஊற்றியாகிவிட்டதா? ரொம்ப ஓட்டாமல் இறக்கிவிட்டுச் சரியானதை ஊற்றுங்கள். பிளேட்டுகள் உறிஞ்சி வைத்ததும் வெளியேற வேண்டும், அதனால் சில நூறு கிலோமீட்டரில் இன்னொரு தடவை மாற்ற வேண்டியிருக்கலாம். அதற்கும் சரியாகவில்லை என்றால் வழுக்கியதிலேயே பிளேட்டுகள் கருகியிருக்கும், புதிது போட வேண்டியதுதான்.

கியர் இறுகுகிறது, நிறுத்தினால் நியூட்ரல் விழ மாட்டேன் என்கிறது

ஆயில் மாற்றிய புதிதில் மெத்தென்று விழுந்த கியர் நாள் போகப்போக டக்கென்று இடிக்கிறது என்றால் ஆயில் தேய்ந்துவிட்டது. ஆயிலும் தேயும். சூட்டில் மெலிந்துவிடாமல் இருக்க அதில் நீளமான பாலிமர்கள் சேர்த்திருப்பார்கள், கியர் பற்கள் அவற்றை அரைத்து அரைத்துத் துண்டாக்குகின்றன, 40 ஆக இருந்த ஆயில் சில ஆயிரம் கிலோமீட்டரில் 30 மாதிரி நடந்துகொள்ளும். பைக் ஆயிலைக் கார் அளவுக்கு நீண்ட நாள் விட முடியாததற்கு இது ஒரு பெரிய காரணம். மாற்றி 500 கிலோமீட்டர்கூட ஆகவில்லை, அப்படியும் நியூட்ரல் விழவில்லை என்றால் கிளட்ச் கேபிள் அதிகமாகத் தளர்ந்து கிளட்ச் முழுசாக விடவில்லை என்று பொருள், ஆயிலைக் குறை சொல்ல வேண்டாம்.

சத்தம்

காலையில் எடுத்ததும் ஓரிரு விநாடி டிக்டிக் என்று கேட்டு அடங்கினால் ஆயில் மேலே ஏறும்வரை வரும் சத்தம், விட்டுவிடுங்கள். அடங்காமல் தொடர்ந்தால் முதலில் ஆயில் அளவு, அது சரியென்றால் டேப்பெட் (வால்வ்) இடைவெளி. ஐடிலில் கரகரவென்று வந்து முறுக்கினால் குறைவது பெரும்பாலும் கேம் செயினும் டென்ஷனரும். அடியிலிருந்து மொத்தையாக டங்டங் என்று பாரம் ஏற ஏறக் கூடினால் வண்டியை அங்கேயே அணைத்துத் தள்ளிக்கொண்டு போங்கள், அது கனெக்டிங் ராடின் அடிமுனையில் இருக்கும் பிக் எண்ட் பேரிங்.

சத்தத்தை அமுக்கக் கெட்டி ஆயில் ஊற்றும் பழக்கம் உண்டு. சத்தம் குறையும், தேய்மானம் குறையாது, கோளாறு வளர்வது காதில் விழாமல் போய்விடும்.

ஆயில் விளக்கு எரிகிறது

பல வண்டிகளில் இந்த விளக்கு காட்டுவது அழுத்தத்தை, ஆயில் அளவை இல்லை. அளவு முழுதாக இருக்கும்போதே எரியலாம். ஓட்டிக்கொண்டிருக்கும்போது எரிந்தால் அடுத்த பங்க் வரை போய்விடலாம் என்று நினைக்காதீர்கள், கிளட்சைப் பிடித்து இன்ஜினை அணைத்து ஓரம் கட்டுங்கள். அளவு குறைவாக இருந்தால் ஊற்றிப் பாருங்கள். அளவு சரியாக இருந்தும் எரிந்தால் பம்ப், அடைத்துப் போன வலை, அல்லது ஸ்விட்ச். ஸ்விட்ச்சாகத்தான் இருக்கும் என்று நம்பி ஓட்டக் கூடாது, அழுத்தமானி வைத்துப் பார்த்த பிறகுதான்.

ஃபில்டர் மாற்றிய கையோடு விளக்கு எரிந்தால், அல்லது விளக்கே இல்லாத வண்டியில் ஹெட் பக்கம் சத்தம் கூடினால், காகித ஃபில்டரைத் தலைகீழாகப் போட்டுவிட்டார்களா பாருங்கள். சில ஃபில்டர்களில் ஒரு பக்கம் மூடியிருக்கும், மறுபக்கம் துளை. திருப்பிப் போட்டால் ஆயில் போகும் வழி அடைந்து ஹெட் காய்ந்துவிடும். சில வண்டிகளில் ஹெட்டில் ஒரு சோதனை போல்ட் உண்டு, ஐடிலில் அதை லேசாகத் தளர்த்தினால் ஒரு நிமிடத்துக்குள் ஆயில் கசிய வேண்டும். கசியவில்லை என்றால் உடனே அணையுங்கள்.

கறுப்பு ஆயில், மினுமினுக்கும் ஆயில்

கறுத்துவிட்டது என்பதற்காக மட்டும் மாற்ற வேண்டாம். கரியையும் கிளட்ச் தூளையும் படியவிடாமல் தன்னோடு சுமப்பதுதான் ஆயிலின் வேலை, கறுப்பாகாத ஆயில்தான் சந்தேகத்துக்கு உரியது. கிலோமீட்டரையும் மாதத்தையும் வைத்து மாற்றுங்கள். ஓடாமல் நின்ற வண்டிக்கும் வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.

இறக்கிய ஆயிலை வெயிலில் பார்த்தால் வெள்ளி ஜரிகை மாதிரி மினுங்குகிறதா? புது வண்டியின் முதல் மாற்றம் என்றால், அதாவது 500 முதல் 1000 கிலோமீட்டரில், அது இயல்பு. பழைய வண்டி என்றால் ஒரு வெள்ளைத் துணியில் வடிகட்டிக் காந்தத்தைக் காட்டுங்கள். நைஸான சாம்பல் நிறப் பசை பரவாயில்லை. நகத்தில் எடுக்கும் அளவுக்குச் சில்லுகள் காந்தத்தில் ஒட்டினால் கியர் பல் அல்லது பேரிங், ஒட்டாத வெள்ளிச் சில்லு பிஸ்டன் அல்லது கேஸிங் அலுமினியம், பொன் நிறத் துகள் வெண்கல புஷ். துணியை மடித்து வைத்திருந்து மெக்கானிக்கிடம் காட்டுங்கள், நீங்கள் வாயால் சொல்வதைவிட அது நிறையச் சொல்லும்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியது

வண்டியைக் கொஞ்சம் சூடேற்றி, நேராக நிறுத்தி, மேல் மூடியைத் திறந்துவிட்டு டிரெயின் போல்ட்டைக் கழற்றுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், பழைய ஆயில் தோலுக்கு ஆகாது. வலை இருந்தால் மண்ணெண்ணெயில் கழுவுங்கள். புது வாஷர் போட்டு, போல்ட்டைக் கையாலேயே மூன்று நான்கு சுற்று ஏற்றுங்கள். கையில் சுற்றவில்லை என்றால் மரை கோணலாகப் பிடிக்கிறது, கழற்றி மறுபடி வையுங்கள். இன்ஜின் அடிப்பகுதி அலுமினியம், போல்ட் இரும்பு. நீளமான ஸ்பேனரில் முழு பலத்தையும் காட்டினால் மரை கையோடு வந்துவிடும். டார்க் ரெஞ்ச் இருந்தால் கையேட்டில் சொன்ன அளவு, பல சின்ன வண்டிகளில் 20 முதல் 30 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். மரை ஏற்கெனவே போயிருந்தால் டெஃப்லான் டேப் சுற்றி ஒப்பேற்ற வேண்டாம், ஹெலிகாயில் என்ற எஃகுக் கம்பிச் சுருள் மரையைப் போட்டால் பழைய மரையைவிட உறுதியாக நிற்கும்.

சொன்ன அளவில் 100 மில்லி குறைத்து ஊற்றி, 3 நிமிடம் ஓடவிட்டு, அணைத்துப் பொறுத்திருந்து அளந்து, 50 மில்லி 50 மில்லியாக மேல் கோட்டுக்குச் சற்றுக் கீழே கொண்டுவாருங்கள். தேதி, ஓடிய கிலோமீட்டர், ஊற்றிய அளவு, டப்பாவில் இருந்த எழுத்துகள் நான்கையும் போனில் குறித்து வையுங்கள், அடுத்த தடவை குறைகிறதா கூடுகிறதா என்ற கேள்விக்குப் பதில் அங்கே இருக்கும். பழைய ஆயிலை அதே டப்பாவில் அடைத்து, பழைய ஆயில் சேகரிக்கிற இடத்தில் கொடுங்கள், மண்ணிலோ சாக்கடையிலோ ஊற்றாதீர்கள். அன்று இரவு வண்டிக்கு அடியில் ஓர் அட்டையை விரித்து வையுங்கள். காலையில் அட்டை காய்ந்திருந்தால் வேலை முடிந்தது.